துறையூர், இரண்டு பேர்

மார்ச் 2, திருச்சி

முஸ்தபா சார் அறைக்குக் கூப்பிட்டார். கோலாலம்பூருக்கு முதல்முறை போகிறவர்களுக்கு ஒரு சின்னப் புத்தகம் வேண்டுமாம்.

“நாலு பக்கம் போதும் ரெஜி. என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது. படிக்கிறவங்க சிமெண்ட் விக்கிறவங்க. உன் எம்.ஏ.வை அதுல இறக்காத.”

“சரி சார்.”

“இந்தத் தடவை போறப்பவே எழுதி முடிச்சுடு.”

இந்தத் தடவை வருகிறவர்கள் ஒரு சிமெண்ட் கம்பெனியின் டீலர்கள். விற்பனை இலக்கைத் தாண்டியவர்களுக்குக் கம்பெனி தரும் பரிசுப் பயணம். ஜோடி டிக்கெட். பதினொரு கணவர்கள், பதினொரு மனைவிகள், நான்.

முதல் வரி எழுதினேன்: பாஸ்போர்ட்டை எப்போதும் உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள்.

எழுதிவிட்டு, மேசைமேல் கிடந்த கறுப்பு இடுப்புப் பையைப் பார்த்தேன். அந்த ஊரில் இறங்கியதும் எல்லாருடைய பாஸ்போர்ட்டையும் வாங்கி இந்தப் பையில் போட்டுக்கொள்வது எங்கள் ஆபீசின் வழக்கம். போன வருடம் ஒரு குழுவில் வந்தவர் அங்கேயே வேலைக்கு நின்றுவிட்டார். அதிலிருந்து இந்தப் பை. தூங்கும்போதும் அவிழ்க்கக் கூடாது.

வரியை அடிக்கவில்லை. புத்தகம் வேறு, வழக்கம் வேறு.

மார்ச் 5, கோலாலம்பூர்

கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் முன்னால் தள்ளிவையுங்கள். இங்கே மின்செருகி சதுரக் கால் உள்ளது, நம் ஊர் சார்ஜர் நுழையாது. குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள். ஆள்காட்டி விரலால் யாரையும் சுட்டாதீர்கள். கட்டைவிரலால் காட்டுங்கள், அதுதான் இங்கே மரியாதை.

குறிப்பு எழுதுவது விசித்திரமான வேலை. எல்லாம் கட்டளை. எழுதுகிறவள் ஒரு தப்பும் செய்யாதவள் போல ஒரு குரல் எங்கிருந்தோ வந்துவிடுகிறது.

டீலர்கள் ஒருவரையொருவர் ஊர்ப் பெயரால்தான் கூப்பிடுகிறார்கள். லால்குடி, முசிறி, மணப்பாறை, துறையூர். மனைவிகள் முசிறி வீட்டம்மா, மணப்பாறை வீட்டம்மா. டீலர் குழு என்றாலே இப்படித்தான், எனக்கும் பழகிவிட்டது. வசதி. “லால்குடி, ரெண்டு பேர் வந்தாச்சா?” என்றால் முடிந்தது.

குடிநுழைவுச் சோதனையில் துறையூர்க்காரர் தனசேகரும் அவர் மனைவியும் எனக்கு முன்னால் நின்றார்கள். அதிகாரி ஒரு மலாய்ப் பெண், தலையில் துணி கட்டியிருந்தார். மனைவியிடம் கேட்ட கேள்விக்குத் தனசேகர் பதில் சொன்னார். அதிகாரி கையை உயர்த்தி அவரை நிறுத்திவிட்டு மறுபடி அந்த அம்மாவிடமே கேட்டார். அந்த அம்மா சுத்தமான ஆங்கிலத்தில் பதில் சொன்னார். திருச்சியிலிருந்து அவர் வாய் திறந்தது அப்போதுதான்.

வெளியே வந்து என்னிடம் முத்திரையைக் காட்டினார்.

“முப்பது நாள்னு போட்டிருக்காங்க?”

“எல்லாருக்கும் அப்படித்தாங்க. விசா இல்லாம முப்பது நாள் இருக்கலாம்.”

“யாரு வேணும்னாலும்?”

“பாஸ்போர்ட் கையில இருந்தா.”

யோசிக்காமல் சொன்ன பதில். உடனே பையைத் திறந்து எல்லாரிடமும் வாங்கினேன். அவருடையதை வாங்கும்போது ஒரு கணம் கூடுதலாக இழுக்க வேண்டியிருந்தது. பெயரைப் பார்த்தேன். வேதவல்லி.

மார்ச் 6

பத்துமலை. குரங்குகளிடம் ஜாக்கிரதை. கையில் பிளாஸ்டிக் பை தெரியக் கூடாது. தண்ணீர் பாட்டிலைக்கூட அவை மூடி திருகிக் குடிக்கும்.

எங்கள் பஸ் டிரைவர் லோகா அண்ணன், கோலாலம்பூரை ஒட்டிய கிள்ளான் ஊர்க்காரர். காலையில் ஏறும் ஒவ்வொருவரிடமும் “பசியாறியாச்சா?” என்று கேட்டார். இங்கே காலைச் சாப்பாட்டுக்கு அந்தச் சொல்தான்; பேச்சின் நடுவே ஒரு ‘லா’வும் ஒட்டிக்கொள்ளும்.

“பசி எங்கண்ணே ஆறுச்சு, இட்லிதான் ஆறிப்போச்சு” என்றார் லால்குடி செல்லத்துரை. இந்தக் குழுவின் வாய் அவர். பஸ் சிரித்தது. தனசேகர் சிரிக்கவில்லை. மனைவிக்கு ஜன்னலோர இருக்கை கொடுத்து, நடைபாதைப் பக்கம் தான் உட்கார்ந்திருந்தார். அன்பு என்று நினைத்தேன். அவர் காலைத் தாண்டாமல் அந்த அம்மா வெளியே வர முடியாது என்பது பிறகுதான் தோன்றியது.

மலை ஏற வேதவல்லி மறுத்துவிட்டார். முட்டி வலியாம்.

“மேடம் பக்கத்துலயே நில்லு” என்றார் தனசேகர். படிகளில் ஒவ்வொரு தளம் வந்ததும் நின்று திரும்பி எங்களைப் பார்த்தார். கையசைத்தார். வேதவல்லியும் கையசைத்தார். மேலே உருவம் சின்னதாக ஆனபிறகு என் பக்கம் திரும்பாமலே பேசினார்.

“அது ரயில்வே ஸ்டேஷனா?”

“ஆமாங்க. பத்துமலை ஸ்டேஷன்.”

“கிள்ளானுக்குப் போகுமா?”

“சென்ட்ரல்ல இறங்கி மாறணும். நடுப்பெட்டி பொம்பளைங்களுக்கு மட்டும். ஆம்பளைங்க ஏறக் கூடாது.”

“நல்ல ஊரு.” மேலே பார்த்துக் கையசைத்தார். “எங்க அக்கா கிள்ளான்ல இருக்கா. நம்ம ஊருக்குப் படிக்க வந்த மலேசியாப் பையனைக் கட்டிக்கிட்டு வந்தவ. வேற ஜாதி. எங்க வீட்டுல அவ பேரை எடுக்கக் கூடாது. இவரு என்னைக் கட்டுறப்பவே போட்ட மொத கண்டிஷன் அது.”

“பேசுறதே இல்லையா?”

“போன் என்கிட்ட இல்லீங்களே.”

நான்கு வருடம் முன்பு வரை திருச்சியில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தாராம்.

“இவரு கடைக்குப் போறப்ப வெளிய பூட்டிட்டுப் போவாரு. ‘தீ கீ புடிச்சா என்னங்க பண்றது’ன்னு கேட்டேன். ‘போன் பண்ணு’ன்னாரு.” சிரித்தார். நிஜமான சிரிப்பு. “போன் அவரு பாக்கெட்டுல. இந்த டூருக்குக்கூடக் கூட்டிட்டு வந்திருக்க மாட்டாரு. எல்லா டீலரும் ஜோடியா வர்றப்ப இவரு மட்டும் தனியா வந்தா லால்குடிக்காரரு கேள்வி கேட்டே கொன்னுடுவாரு.”

அப்புறம் சொன்னார்: “நான் திரும்பி அந்த வீட்டுக்குப் போகப் போறதில்லீங்க.”

வெயில் நிறைய. முருகன் சிலையின் பொன்நிறம் கண்ணைக் கூசச் செய்தது.  போனைக் கேட்டார், கொடுத்தேன். எண் மனப்பாடமாக இருந்தது. தூணின் மறைவில் நின்று பேசினார். அந்தப் பக்கமிருந்து ஒரு பெண் குரல், முதலில் அலறல், பிறகு அழுகை, பிறகு திட்டு. “வேதா? என்னா சொல்ற? எங்கடி இருக்க நீ?” அந்த வரிசையில்.

மதியம் இரட்டைக் கோபுரத்தின் முன் கம்பெனி பேனருடன் ஜோடிப் படம். “துறையூர், வீட்டம்மா தோள்ல கை போடுங்க!” என்றார் படம் எடுப்பவர். போட்டார். நல்ல படம்.

மாலை பஸ்ஸில் என் போன் அடித்தது. காலையில் வேதவல்லி அழைத்த அதே எண். தனசேகர் எனக்குப் பின் இருக்கையில். துண்டித்தேன். மறுபடி அடித்தது.

“எடுங்க மேடம். அவசரமா இருக்கும்.”

எடுத்தேன். “வேதா இருக்காளா?” என்றது குரல். பஸ்ஸுக்கே கேட்டுவிடுமோ என்று போனைக் காதோடு அழுத்தினேன்.

“ராங் நம்பர்ங்க.”

“மலேசியா நம்பர் மாதிரி இருக்கு?” என்றார் தனசேகர். என் தோளுக்கு மேலாகத் திரையைப் பார்த்திருக்கிறார்.

லோகா அண்ணன் கண்ணாடியில் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். “இங்க அப்படித்தான் லா பாஸ். லோன் வேணுமா, வீடு வேணுமான்னு பொம்பளைங்கள விட்டு போன் போடுவானுங்க. எனக்கு ஒரு நாளைக்குப் பத்து வருது. ஒருத்தியாச்சும் ‘அண்ணே சாப்டீங்களா’ன்னு கேக்குறாளான்னு பாக்குறேன்.”

எல்லாரும் சிரித்தார்கள். தனசேகரும், கொஞ்சம் தாமதமாக.

இறங்கும்போது அண்ணன் என்னிடம் மெதுவாக: “எம்மா, காலையில தூண் பக்கம் பேசுனது காதுல விழுந்துச்சு. அந்த அக்கா எங்கூருக்கா போவணும்?”

“எனக்குத் தெரியாதுண்ணே.”

“நல்லது. தெரியாமயே இரு. ஆனா ஒன்னு, பாஸ்போர்ட் இல்லாம வெளிய சுத்தி போலீஸ் கையில மாட்டுனா தூக்கி உள்ள வச்சிருவான். அப்புறம் அக்காவும் பாக்க முடியாது, தங்கச்சியும் பாக்க முடியாது.”

மார்ச் 7

பிரிக்ஃபீல்ட்ஸ். நம் ஆட்கள் அதிகம் உள்ள தெரு. தமிழிலேயே பேரம் பேசலாம். ஆனால் எல்லாருக்கும் தமிழ் புரியும் என்பதையும் மறக்காதீர்கள், கடைக்காரரைப் பற்றி அவர் எதிரிலேயே பேசி மாட்டிக்கொள்ளாதீர்கள். நகரும் படிகளில் இடப்பக்கம் ஒதுங்கி நில்லுங்கள். மாலையில் மழை உறுதி.

மதியத்துக்கு மேல் கடை வீதிக்கு விட்டிருந்தேன். ஆண்கள் எங்கே போனார்கள் என்று மனைவிகளுக்குத் தெரியும், யாரும் கேட்கவில்லை. தனசேகர் குடிக்க மாட்டார். ஆனால் மற்றவர்கள் கையைப் பிடித்து இழுத்துப் போனார்கள். போகும்போது, “பத்மா அக்கா, இவளைப் பாத்துக்குங்க” என்று லால்குடி வீட்டம்மாவிடம் ஒப்படைத்தார்.

“கைக்குழந்தையா தம்பி அது? போய்ட்டு வாங்க” என்றார் பத்மா அக்கா.

ஒரு சாப்பாட்டுக் கடையில் நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன். வேதவல்லி வந்து எதிரில் உட்கார்ந்தார்.

“நேத்து போன்ல பேசினபடி அக்கா வந்திருக்கா. சென்ட்ரல்ல நிக்கிறா. என் பாஸ்போர்ட் வேணும்.”

நான் என்ன சொன்னேன் என்பதை எழுதிவிடுகிறேன். ரூல்ஸ் என்றேன். திருச்சி இறங்குகிறவரை பாஸ்போர்ட் ஆபீஸ் பொறுப்பு என்றேன். அவர் வராவிட்டால் கம்பெனி எங்களுக்கு அடுத்த குழுவைத் தராது என்றேன். முஸ்தபா சார் நல்லவர் என்றுகூடச் சொன்னேன். எதற்கு அது?

அவர் எதிர்த்துப் பேசவில்லை. ஒரு நோயாளியின் உறவினர் பேசுவதை நர்ஸ் கேட்பதுபோலக் கேட்டார். “சரிங்க” என்றார்.

ஆனாலும் நிலையத்துக்கு நடந்தார். நானும் பின்னால் போனேன். குழு உறுப்பினரைத் தனியே விடக் கூடாது என்பது முறை. டிக்கெட் இயந்திரங்களின் பக்கம் ஒரு பெண் நின்றிருந்தாள், வேதவல்லியின் அதே நெற்றி, குட்டைத் தலைமுடி. இருவரும் கட்டிப்பிடித்துக்கொள்ளவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் தொட்டுப் பார்த்தார்கள், காய்ச்சல் இருக்கிறதா என்று பார்ப்பதுபோல.

“கிளம்பலாம், காடி வெளிய நிக்குது” என்றாள் அக்கா. காரைத்தான் அப்படிச் சொன்னாள்.

“பாஸ்போர்ட் இல்லக்கா.”

அக்கா என் இடுப்பைப் பார்த்தாள். “நீங்கதான் அந்த ரெஜினாவா? பையில என்னா வச்சிருக்கீங்க, தங்கமா?”

நான் பையின்மேல் கையை வைத்துக்கொண்டேன்.

“நல்லா பாத்துக்குறீங்க லா என் தங்கச்சிய. அவ புருஷன் குடுக்குற சம்பளமா, இல்ல சும்மாவே பண்றீங்களா?”

“அக்கா, விடு” என்றார் வேதவல்லி. “அவங்க வேலை.”

அந்த இரண்டு சொற்கள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. வேதவல்லி முதல் கடையில் நுழைந்து ஒரு சேலையை விரித்துப் பார்க்காமலே வாங்கினார். பஸ் பக்கத்தில் தனசேகர் நின்றிருந்தார். சேலையைப் பார்க்கவில்லை. பில்லை வாங்கி அதிலிருந்த நேரத்தைப் பார்த்தார்.

“இது இப்ப வாங்குனது. அதுவரைக்கும் எங்க இருந்த?”

“ஏன் தம்பி, சேலைன்னா போனவுடனே எடுத்துருவாங்களா?” என்றார் பத்மா அக்கா. “பத்துக் கடை ஏறி எறங்குனோம். நாங்கதான் அவளை விடல.”

பத்மா அக்காவோடு வேதவல்லி ஒரு கடையும் ஏறவில்லை.

மார்ச் 7, இரவு

ரூல்ஸ் நல்ல சொல். அதற்குள் ஆள் இருக்க வேண்டிய அவசியமில்லை.

மார்ச் 8

கெந்திங் மலை. குளிரும், ஒரு மேலாடை எடுத்துக்கொள்ளுங்கள். கம்பியில் தொங்கிப் போகும் கேபிள் காரில் பயப்பட ஒன்றுமில்லை. பாதியில் நின்றால் அது கோளாறு அல்ல, மறுபடி நகரும்.

பாதியில் நின்றது. என் பெட்டியில் தனசேகர், வேதவல்லி, நான். கண்ணாடிக்கு வெளியே மேகம், வேறு எதுவும் இல்லை.

“மேடம் படிச்சவங்க. ஒரு சந்தேகம்” என்றார். குரல் எப்போதும்போலப் பணிவு. அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. “பாஸ்போர்ட்டுங்கிறது அவங்கவங்க பொருள்தானே?”

“ஆமா சார்.”

“ஒருத்தர் பொருளை இன்னொருத்தர் வச்சுக்கறது சட்டப்படி சரியா?”

“ஆபீஸ் வழக்கம் சார். பாதுகாப்புக்கு.”

“எனக்கு அந்தப் பாதுகாப்பு வேண்டாம். எங்க ரெண்டு பேருதையும் குடுத்துருங்க.”

வேதவல்லி மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். 

“பை ஓட்டல் லாக்கர்ல இருக்கு சார்.”

பை என் குளிராடைக்குள், வயிற்றை ஒட்டி இருந்தது. மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டேன், புடைப்புத் தெரியாமலிருக்க. முந்தின நாள் கேட்டவருக்கு ரூல்ஸ், இன்று கேட்டவருக்குப் பொய். இரண்டும் ஒரே பதில்தானே, ஏன் இன்று மட்டும் பொய் தேவைப்பட்டது என்று யோசித்தேன். யோசிப்பதற்குள் பெட்டி நகர்ந்துவிட்டது.

“கீழ போனதும் வாங்கிக்கறேன்” என்றார்.

கீழே போனதும் மழை, நெரிசல், முசிறிக்காரரின் காணாமல்போன கண்ணாடி. அந்தக் கண்ணாடியை நான் தேவைக்கு அதிகமாகவே தேடினேன்.

மார்ச் 9, காலை

பசியாறும் நேரத்தில் முஸ்தபா சார் போன்.

“ரெஜி, துறையூர்க்காரர் கம்பெனி மேனேஜருக்கே போன் போட்டிருக்காரு. பாஸ்போர்ட் தர மாட்டேங்கறியாமே?”

“ஏர்போர்ட்ல தர்றதுதானே சார் வழக்கம்?”

“அவரு கேக்கறாருல்ல? ரெண்டையும் அவர் கையில குடுத்துட்டு வேலையப் பாரு. ஏதாவது பிரச்சனையா?”

சொல்லியிருக்கலாம். சார் நல்லவர்.

“இல்ல சார்.”

நிமிர்ந்தபோது தனசேகர் என் மேசையில் உட்கார்ந்திருந்தார். தட்டில் தயிர்சாதம்.

“சார் பேசினாருல்ல?”

“பேசினார். பையைக் கட்டிப் பூட்டியாச்சு. ஏர்போர்ட்ல தந்துடறேன்.”

“ரெண்டும் என் கையில.” கொஞ்சம் சாதம் பிசைந்தார். “மேடம், நான் கெட்டவன் இல்ல. அவளுக்கு வெளி உலகம் தெரியாது. ஏமாந்துருவா. அதான்.”

அவர் அதை நம்புகிறார் என்று எனக்குத் தோன்றியது. அதுதான் பயமாக இருந்தது.

அறைகளைக் காலி செய்யும் முன் குளிர்சாதனப் பெட்டிக்குள்ளும் குளியலறைக் கொக்கியிலும் பாருங்கள். நம் ஆட்கள் எதையாவது விட்டுவிட்டு வருவது அங்கேதான்.

மார்ச் 9, விமானத்தில்

நடந்ததை வரிசையாக எழுதிவிட வேண்டும்.

புறப்படும் கூடம். லோகா அண்ணன் பெட்டிகளை இறக்கிக் கொடுத்துவிட்டு எல்லாரிடமும் கை கொடுத்தார். வேதவல்லியிடம், “நல்லாயிருங்க லா” என்றார். மற்றவர்களிடம் “மறுபடி வாங்க” என்றார்.

கவுண்டர் முன் வரிசை. வழக்கம்போல நான் ஓரமாக நின்று பையைத் திறந்தேன். வழக்கம்போல என்றால், ஊரைச் சொல்லிக் கூப்பிட்டு, கணவர் கையில் இரண்டையும் கொடுப்பது. ஒரு வேலை பாதியாகும்.

ஆனால் கவுண்டரில் ஒவ்வொருவராகத்தான் பெயர் பார்ப்பார்கள். அதனால் இந்தத் தடவை பெயர் சொல்லிக் கொடுப்பது சரி என்று பட்டது. நடைமுறைக் காரணம்.

“செல்லத்துரை.” வந்தார். “பத்மாவதி.”

“எனக்கா?” என்றார் பத்மா அக்கா. “அவருகிட்டயே குடும்மா.”

“நீங்களே வாங்கிக்குங்கக்கா.”

“பத்மாவதியாம்ல!” என்றார் செல்லத்துரை. “கல்யாணப் பத்திரிகைல பாத்த பேரு. மறந்தே போச்சு.” வரிசை சிரித்தது. பெண்கள் ஒவ்வொருவராக வந்து கை நீட்டினார்கள். சிலர் வெட்கத்தோடு, பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்குவதுபோல.

“தனசேகர்.”

வந்தார். தன்னுடையதை வாங்கிச் சட்டைப்பையில் வைத்தார். கை நீட்டியபடியே இருந்தது.

“வேதவல்லி.”

“இங்க குடுங்க.”

“வேதவல்லி” என்றேன். சத்தமாக வந்துவிட்டது. பக்கத்து வரிசையில் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் கணவரின் நீட்டிய கைக்குக் கீழே குனிந்து வந்து வாங்கிக்கொண்டார். திறந்து தன் படத்தைப் பார்த்தார், முத்திரையைப் பார்த்தார். மூடினார்.  

“நான் வரலைங்க” என்றார்.

என்னிடம் சொல்கிறார் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். தனசேகரைப் பார்த்துச் சொல்லியிருந்தார்.

“என்ன?”

“நான் ஊருக்கு வரல. அக்கா வீட்டுக்குப் போறேன்.”

“எந்த அக்கா?”

“எனக்கு ஒரே அக்காதான்.”

அவர் சுற்றிலும் பார்த்தார். முசிறி, மணப்பாறை, லால்குடி. எல்லா ஊரும் பார்த்துக்கொண்டிருந்தது. புன்னகை செய்தார். “வெளையாடாத. வா, நேரமாகுது.” மணிக்கட்டைப் பிடித்தார். பிடி மென்மையாகத்தான் தெரிந்தது. வேதவல்லியின் விரல்கள் வெளுத்துப் போனபிறகுதான் மென்மையில்லை என்று தெரிந்தது.

யாரும் அசையவில்லை. நானும்தான்.

“துறையூர்” என்றார் பத்மா அக்கா. “கைய எடு.”

“அக்கா, இது எங்க குடும்ப விஷயம்.”

“குடும்ப விஷயத்தை வீட்டுல வச்சுக்கணும். இது ஏர்போர்ட். கைய எடு தம்பி.”

 செல்லத்துரை நடந்து வந்து மனைவி பக்கத்தில் நின்றார். தூரத்தில் சீருடையில் ஒரு பெண் காவலர் எங்களைக் கவனித்து மெதுவாக வர ஆரம்பித்தார். தனசேகர் கையை எடுத்தார்.

காவலர் மலாயில் ஏதோ கேட்டார், பிறகு ஆங்கிலத்தில். வேதவல்லி பதில் சொன்னார். பயணம் செய்ய விருப்பமில்லை, முப்பது நாள் அனுமதி இருக்கிறது, அக்கா கீழ்த்தளத்தில் காத்திருக்கிறாள், ஊருக்குத் தனியாகத் திரும்பிக்கொள்வேன். டியூட்டி மாறும்போது அடுத்த நர்ஸிடம் நோயாளியின் நிலையைச் சொல்வது போல நாலே வாக்கியம். காவலர் பாஸ்போர்ட்டைப் பார்த்தார், திருப்பி அவர் கையிலேயே கொடுத்தார். தனசேகரைப் பார்த்துக் கட்டைவிரலால் வரிசையைக் காட்டினார். மரியாதையாக.

வேதவல்லி பெட்டியிடம் போனார். இருவருக்கும் ஒரே பெட்டி, பெரிய நீலப் பெட்டி. எண் பூட்டு. என்ன எண் என்று அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

“நம்பர் சொல்லுங்க. என் துணிய மட்டும் எடுத்துக்கறேன்.”

காத்திருந்தோம். கவுண்டர் பெண் எங்கள் குழுவை அழைத்தாள். மறுபடி அழைத்தாள். வேதவல்லி பெட்டியின் அருகில் முழங்காலிட்டு உட்கார்ந்திருந்தார், பூட்டின் மேல் விரல் வைத்தபடி. தனசேகர் உதட்டை அசைத்தால் போதும். மூன்று எண்கள். அவர் மேலே ஓடிக்கொண்டிருந்த விமான அட்டவணையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வேதவல்லி எழுந்து முழங்காலில் ஒட்டிய தூசியைத் தட்டினார்.

“சரி. இருக்கட்டும்.”

கைப்பையை மாட்டிக்கொண்டு நடந்தார். பத்மா அக்கா தன் பையிலிருந்து ஒரு சால்வையை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடி அவர் தோளில் போட்டுவிட்டுத் திரும்பி வந்தார்.

பிறகு தனசேகர் என்னிடம் வந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். முகம் அப்படியில்லை. கூட்டத்தில் பை தொலைத்தவரின் முகம்.

“இப்ப நான் என்ன பண்றது?”

ஐந்து நாளாக நான் எழுதிய குறிப்புகளில் இதற்கு எதுவும் இல்லை.

“உங்க வரிசை வந்துருச்சு சார்” என்றேன்.

இப்போது அவர் எனக்கு நான்கு வரிசை முன்னால். முன்கூட்டிச் சொல்லிவைத்த சாப்பாடு, இரண்டு. பணிப்பெண் பக்கத்துக் காலி இருக்கையைக் காட்டிக் கேட்டாள். இரண்டையும் வாங்கி மடித்தட்டில் வைத்துக்கொண்டார். எதையும் திறக்கவில்லை.

மார்ச் 10, திருச்சி

குழுப் பெட்டிகளுக்கான சீட்டுகள் எல்லாம் என் பெயரில்தான் ஒட்டப்படும். அதனால் எல்லாரும் போனபிறகும் நான் நிற்க வேண்டும். நீலப் பெட்டி மட்டும் சுற்றிச் சுற்றி வந்தது. தனசேகர் அதைப் பார்த்தார். எடுக்காமல் வெளியே போனார்.

போன் செய்தேன்.

“தூக்கிக் குப்பையில போடுங்க” என்றார்.  “எங்கம்மா கேட்டா நான் என்னன்னு சொல்றது?”

வைத்துவிட்டார்.

மார்ச் 11

முஸ்தபா சார் கத்தவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு கேட்டார்.

“ரெண்டையும் அவர் கையில குடுன்னு சொன்னேன்ல?”

“கவுண்டர்ல பேரைத்தான் சார் பாப்பாங்க. அதனால பேரைச் சொல்லிக் குடுத்தேன்.”

“இதுவரைக்கும் ஊரைச் சொல்லித்தானே குடுத்த?”

“ஆமா சார்.”

 ஏதோ கேட்க வந்து, அதை விட்டுவிட்டு, மேசைமேல் கிடந்த பேனாவை நேராக வைத்தார்.

“கம்பெனி அடுத்த டூரை வேற ஆபீசுக்குக் குடுத்துருச்சு. நீ கொஞ்ச நாள் வீட்டுல இரு ரெஜி. நானே கூப்பிடுறேன்.”

“சரி சார்.”

“அந்தக் குறிப்பு மட்டும் அனுப்பிடு. அச்சுக்குப் போகணும்.”

அனுப்பிவிட்டேன். நான்கு பக்கம்.

மார்ச் 13

கிள்ளானிலிருந்து ஒரு செய்தி, அக்காவின் எண். “துணி எல்லாம் வேணாம் லா. நர்ஸ் சர்டிபிகேட் மட்டும் பெட்டிக்குள்ள இருக்குதாம். பாவாடைக்குள்ள மடிச்சு வச்சாளாம். முடியுமா?”

பூட்டை உடைக்கலாம். பஜாரில் கடை இருக்கிறது, ஒரு நிமிட வேலை. ஏனோ அப்படிச் செய்ய மனம் வரவில்லை. மற்றொரு ஆளின் கை அந்தப் பெட்டிமேல் படுவது.

பெட்டி என் கட்டிலுக்குப் பக்கத்தில் கிடக்கிறது. பூட்டில் மூன்று சக்கரம், ஒவ்வொன்றிலும் பத்து எண்.

000-விலிருந்து ஆரம்பித்திருக்கிறேன். இப்போது 214.